டிரஸ்ட் எழுதியாயிற்று, வீட்டை மாற்றினீர்களா?

1965ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் டேசி ஒரு புத்தகம் போட்டார். 'புரோபேட்டைத் தவிர்ப்பது எப்படி!' என்று ஆச்சரியக்குறியோடு தலைப்பு. அவர் வக்கீல் அல்ல. குடும்பங்களுக்குச் சேமிப்பு, சொத்து பற்றி யோசனை சொல்லிப் பிழைத்தவர். புத்தகத்தின் பெரும்பகுதி வெறும் படிவங்கள். தேவையானதைக் கிழித்தெடுத்து, பெயரை நிரப்பி, கையெழுத்துப் போட்டால் லிவிங் டிரஸ்ட் தயார்.

வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? உரிமம் இல்லாமல் சட்டத் தொழில் செய்கிறார் என்று நியூயார்க் கவுண்டி வக்கீல்கள் சங்கம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் சங்கத்தின் பக்கம் நின்று புத்தக விற்பனைக்கே தடை போட்டன. 1967 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. அதற்குள் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. வழக்கைப் போல ஒரு விளம்பரம் அதற்குக் கிடைத்திருக்காது.

புரோபேட்டில் மக்களுக்கு அப்படி என்ன கோபம்? உயில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கோர்ட் அலைச்சல் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் உயில்தான் கோர்ட்டுக்கே அழைத்துப் போகிறது. அந்த நடைமுறைக்குப் பெயர்தான் புரோபேட். நீதிமன்றம் உயிலை ஏற்க வேண்டும்; பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும்; கடன்காரர்களுக்குக் கெடு கொடுக்க வேண்டும்; சொத்தை மதிப்பிட வேண்டும்; கணக்கைக் காட்டிய பிறகுதான் பங்கு. யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். செலவு? கலிபோர்னியாவில் வக்கீல் கட்டணத்தைச் சட்டமே விகிதம் போட்டு வைத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2. ஆக, 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் அதே தொகையைக் கேட்கலாம். கொடுமை என்னவென்றால், வீட்டின் மீது 7 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் கணக்கு 10 லட்சத்துக்குத்தான்.

இறந்தவர் பெயரில் சொத்து இருந்தால்தானே இந்தப் பாடு? அந்த ஓட்டையில் நுழைவதுதான் லிவிங் டிரஸ்ட். சொத்துக்காரர் உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் வங்கிக் கணக்கையும் டிரஸ்டின் பெயருக்கு மாற்றிவிடுகிறார். டிரஸ்டி அவரே, அனுபவிப்பவரும் அவரே. வேண்டாமென்றால் ரத்து செய்யலாம், விற்கலாம், திருத்தலாம். அவருக்குப் பிறகு, அவர் குறித்து வைத்த அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்றுப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பார்.

எழுதியவரே டிரஸ்டி, நினைத்தபோது ரத்தும் செய்யலாம் என்றால் இது சாட்சி இல்லாத உயில்தானே என்ற சந்தேகம் அந்நாளில் பலமாக இருந்தது. இல்லினாய்ஸில் கால்நடை மருத்துவர் ஒருவர் தன் முதலீட்டுப் பங்குகளை, தன்னிடம் வேலை பார்த்தவருக்காகத் தானே டிரஸ்டியாக வைத்திருப்பதாக எழுதிவிட்டு இறந்தார். வாரிசுகள் வழக்குக்குப் போனார்கள். 1955ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் டிரஸ்ட் செல்லும் என்றது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் 'ஃபார்க்காஸ் எதிர் வில்லியம்ஸ்' பாடமாக இருக்கிறது. ரத்து செய்யும் உரிமையைத் தனியாக எழுதி வைக்காவிட்டால் டிரஸ்ட் மாற்ற முடியாதது என்பது பழைய விதி. 2000ல் வந்து, பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம் அதை அப்படியே தலைகீழாக்கியது.

அன்றைய டிரஸ்டுகளில் பாதி பேச்சு வரியைப் பற்றியது. 1976 வரை 60,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு மரண வரி உண்டு. 1990களின் பெரும்பகுதியிலும் 6 லட்சம்தான் வரம்பு. அதனால் கணவன், மனைவியில் ஒருவர் இறந்ததும் டிரஸ்டை இரண்டாகப் பிரித்து, இருவரின் விலக்கையும் பயன்படுத்துவது வாடிக்கை. இன்று ஒருவர் பயன்படுத்தாத விலக்கை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். 2026ல் விலக்கு ஆளுக்கு 1.5 கோடி டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தப் பிரிப்பால் இப்போது நன்மை இல்லை, தொல்லை உண்டு. பிரித்த பங்குக்குத் தனிக் கணக்கு, தனி வரிப் படிவம். பின்னால் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது அந்தப் பங்கின் லாபத்துக்கு அதிக வரி. இருபத்தைந்து வருடத்துக்கு முன் எழுதிய டிரஸ்ட் அலமாரியில் இருந்தால் முதலில் இந்தப் பிரிவைத் தேடுங்கள்.

இன்று டிரஸ்ட் எழுதச் சொல்லும் காரணம் வேறு. டேசி காலத்தில் பேச்செல்லாம் சாவுக்குப் பிறகு என்ன என்பதுதான். இப்போது ஆயுள் நீண்டுவிட்டது, கூடவே மறதி நோயும் வந்துவிட்டது. அம்மாவுக்கு நினைவு தப்பிய பிறகு அவர் பெயரிலுள்ள வீட்டை விற்றுச் சிகிச்சைக்குக் கட்ட மகள் கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். வீடு டிரஸ்டில் இருந்தால் அடுத்த டிரஸ்டி கையெழுத்துப் போடலாம். என்னைக் கேட்டால் லிவிங் டிரஸ்டின் மிகப் பெரிய பயன் இதுதான். வரியை விட, புரோபேட்டை விட.

மாறாத ஒன்று உண்டு. டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். சொத்தை அதன் பெயருக்கு மாற்ற மாட்டார்கள். அன்று கிழித்த படிவத்தில் நடந்த தவறு, இன்று தோல் பையில் வரும் ஐம்பது பக்க டிரஸ்டிலும் நடக்கிறது. மைக்கேல் ஜாக்சன் எல்லாவற்றையும் குடும்ப டிரஸ்டுக்கு விட்டு 2002ல் உயில் எழுதினார். 2009ல் அவர் இறந்தபோது உயில் வழியாகத்தான் சொத்து டிரஸ்டுக்குப் போக வேண்டியிருந்தது. உயில் என்றால் கோர்ட். உயிலும் ஊருக்கே தெரிந்தது. சாதாரணக் குடும்பத்தில் இது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். குறைந்த வட்டிக்காக வீட்டுக் கடனை மாற்றும்போது, வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள். எடுப்பார்கள். திரும்பப் போட மறந்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் டிரஸ்ட் தேவையா என்றால், இல்லை. 1990களில் முதியோர் கூடும் இடங்களில் இலவசச் சாப்பாடு போட்டு டிரஸ்ட் விற்ற கூட்டம் இருந்தது. டிரஸ்ட் ஒரு சாக்கு, கடைசியில் முதியோர் தலையில் கட்டியது ஆனுவிட்டி என்ற காப்பீட்டுத் திட்டம். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருக்கும் நண்பர் சொன்னார் என்று டாலஸில் இருப்பவர் ஓட வேண்டியதில்லை. டெக்சாஸில் உயிலைச் சரியாக எழுதியிருந்தால் புரோபேட் பெரிய சுமை இல்லை. கலிபோர்னியாவே கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது: 2025 ஏப்ரல் முதல் நிகழும் மரணங்களில், 7.5 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள குடியிருந்த வீட்டுக்கு முழு புரோபேட் தேவையில்லை. சான்ஹோசேயில் அந்த விலைக்கு வீடு எங்கே கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் இருக்கும், அங்கிருந்து திரும்பிய நம்மவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஊரில் இருக்கும் நிலத்தையும் வீட்டையும் கலிபோர்னியா டிரஸ்டின் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இந்தியாவில் அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போது டிரஸ்டாக்க, 1882ம் வருடச் சட்டப்படி பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஊர்ச் சொத்துக்குத் தனியாக ஒரு உயில் எழுதிவிடுவதே சுலபம். இரண்டாவது, அமெரிக்கக் குடியுரிமை வாங்காமல் நிரந்தரமாகக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ திரும்பிவிட்டவர்கள். கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகள் அவர்கள் பெயரில் கிடக்கும். இந்தியா 1985லேயே மரண வரியை எடுத்துவிட்டது, அமெரிக்கா எடுக்கவில்லை. அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்காத வெளிநாட்டவருக்கு விலக்கு 1.5 கோடி அல்ல, வெறும் 60,000 டாலர். அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி. இரு நாட்டுக்கும் இதில் வரி ஒப்பந்தம் கிடையாது. லிவிங் டிரஸ்ட் இந்த வரியைத் தடுக்காது.

சிறு பிள்ளைகள் இருந்தால் பாதுகாவலரை நியமிக்க உயிலும் வேண்டும். அது டிரஸ்டின் வேலை இல்லை. 401(கே) போன்ற ஓய்வுக்காலக் கணக்கை டிரஸ்டின் பெயருக்கு மாற்றக் கூடாது; நாமினி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிரஸ்ட் எழுதி முடித்தவர்கள் இந்த வாரமே வீட்டுப் பத்திரத்தை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, டிரஸ்டின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.