பறவைக் காய்ச்சலும் தறிக்காரர் குடும்பமும்

பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருந்தோறும் நம் சங்கங்களின் அங்கத்தினர் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். கோழிக்கறி உண்ணலாமா என்பது ஒன்று. கோழிக்கு வரும் நோயைப் பற்றித் தறியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன கவலை என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு விடை சுலபம். உள்ளும் புறமும் 70 டிகிரி உஷ்ணம் ஏறும்படி நன்றாக வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இக்கிருமி உயிரோடிராது. 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டபோது, நோயே இல்லாத நாமக்கல்லிலும் வதந்தியினால் முட்டை விலை வீழ்ந்து பண்ணையாளர் நஷ்டப்பட்டனர். பச்சை இறைச்சியோ வேறு விஷயம். 2025-இல் ஆந்திர தேசத்துப் பல்நாடு ஜில்லாவில் இந்நோயினால் இறந்த இரண்டு வயதுக் குழந்தை, சமைக்காத கோழித்துண்டு ஒன்றை உண்டிருந்ததாகத் தெரியவந்தது. ஆதலால் கோழியறுக்கும் இடத்தில் குழந்தைகளை விடலாகாது. அரிவாள்மணையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே மற்றக் காரியம்.

இரண்டாவது கேள்விக்குச் சிறிது விரிவாக விடை கூற வேண்டும். இந்நோய்க்குக் காரணம் இன்ப்ளூயன்சா இனத்தைச் சேர்ந்த வைரஸ் என்னும் நுண்கிருமி. நீர்ப்பறவைகளின் குடலில் தங்கி, எச்சத்தின் வழியே வெளிப்பட்டு, வாத்துக்கும் கோழிக்கும் தொற்றுகிறது. 1997-இல் ஹாங்காங் நகரில் 18 பேருக்குத் தொற்றி அறுவரைக் கொன்றது. 2003 முதல் உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கே இந்நோய் கண்டதாயினும், அவர்களுள் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்துபோயினர். இக்கிருமி மனிதருடைய மூக்கிலும் தொண்டையிலும் எளிதிற் பற்றாமல் நுரையீரலின் ஆழத்திலேயே பற்றுகிறது. ஆகையால் தொற்றியவர் நிலை கடுமையாகிறது; ஆனால் அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவது மிக அரிது.

இந்த இரண்டாவது குணம் என்றும் இப்படியே இருக்குமென்று எவரும் உறுதி கூற இயலாது. இக்கிருமியின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. பறவையின் கிருமியும் மனிதனின் கிருமியும் ஒரே உடலில் ஒரே சமயத்திற் புகுந்தால், துண்டுகள் இடம்மாறிப் புதுக் கிருமி பிறக்கக்கூடும். பன்றியின் உடலில் இரண்டு வகையும் தங்கும். 1957-ஆம் ஆண்டின் ஆசியக் காய்ச்சல் இவ்விதமே தோன்றியது. அதன் எட்டுத் துண்டுகளுள் மூன்று பறவைக் கிருமியிலிருந்து வந்தவை. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து நோயாளிகளுடன் சென்னைத் துறைமுகம் வந்த கப்பலொன்றின் வழியாகவே அது இந்தியாவினுட் புகுந்தது. சென்னை நமக்குச் சுமார் 75 கிலோமீட்டர்தான்.

அதற்கு முந்திய 1918-ஆம் வருடத்து விஷக் காய்ச்சல் இன்னும் கொடியது. ஜூன் மாதம் பம்பாயில் தோன்றி, மழைக்காலம் முடியுந் தறுவாயில் மறுமுறை கிளம்பி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொண்டுபோயிற்று. கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டுமின்றி, 20 முதல் 40 வயதுக்குட்பட்ட உழைப்பாளிகளையே பெருவாரியாக வாரிச்சென்றது. அவ்வருடம் மழையும் பொய்த்தது. உழைப்பவர் படுத்த வீட்டில் அடுப்பும் அணைந்தது.

நம் ஊரோ கூட்டம் கூடும் ஊர். 2019-இல் அத்தி வரதர் தரிசனத்திற்கு ஜூலை முதல் ஆகஸ்டு வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து சென்றனர். அடுத்த ஆண்டு மார்ச்சு 7-ஆம் தேதி, தமிழ்நாட்டில் கொரோனா நோய் முதன்முதலாக உறுதியானவரும் காஞ்சிபுரத்தவரே. இந்த இரண்டும் சில மாதங்கள் முன்பின்னாக நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்குமென்று நினைக்கவும் அச்சமாயிருக்கிறது.

புதுக் காய்ச்சல் வருமாயின் அதனைத் தடுக்க வேண்டுவன இரண்டு செயல்கள்: கோழிகள் திடீரென மடிந்தால் மறைக்காமல் தெரிவிப்பது, மனிதருக்குக் காய்ச்சல் கண்டால் வேலையை விட்டு வீட்டில் ஒதுங்கியிருப்பது. இவ்விரண்டையும் செய்யவொட்டாமல் ஜனங்களைத் தடுப்பது அறியாமையன்று, பண நஷ்டமே என்பது என் அபிப்பிராயம்.

கோழி வளர்ப்போர் அறிய வேண்டியது இது. நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளையெல்லாம் அரசாங்கத்தார் அழிப்பர். அவ்வாறு அழிக்கும் கோழிக்கு ஈட்டுத்தொகை உண்டு. தானே செத்த கோழிக்குக் கிடையாது. ஆகவே முதல் நாளே கால்நடை மருந்தகத்தில் சொல்பவருக்கே லாபம். 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி தெரிவிப்பது கடமையுமாகும். செத்ததை ஏரியிலோ குப்பையிலோ எறிதல் கூடாது. வெறுங்கையால் தொடவும் கூடாது. வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் வரும் பறவைகளைப் பழித்து விரட்டுவதால் ஒரு பயனுமில்லை. கலைந்த பறவை வேறோர் ஏரிக்குப் போகும், அவ்வளவே.

இனித் தறிக்காரர் நிலை. கோர்வைச் சேலை நெய்கையில், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா ஓட்ட மற்றொருவர் தோளோடு தோளாக உட்கார வேண்டும். தறிக்குழி இருக்கும் அறையிலேயே குடும்பமும் படுக்கிறது. நெய்தால் கூலி, நெய்யாவிட்டால் இல்லை. இந்நிலையில் இருமிக்கொண்டே பாவில் உட்காரும் மனிதனைக் கடிந்து என்ன பயன்? ஏழு நாள் கூலிக்கு ஈடு செய்பவர் இருந்தாலன்றி அவன் எழுந்திரான்.

இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு நாணய சங்கம் 1904 அக்டோபரில் நம் காஞ்சிபுரத்திலேயே பதிவாயிற்று என்பதை அங்கத்தினர் அறிவர். கூலியிற் சேமிப்புப் பிடிக்கும் வழக்கமும் நெசவாளருக்குப் புதிதன்று. உதாரணமாக ஐம்பது தறியுள்ள ஒரு சங்கத்தில், தறிக்கு மாதம் 10,000 ரூபாய் கூலியென்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மாதம் 5,000, வருடத்திற்கு 60,000 ரூபாய் சேரும். நோயாளிக்கு நாளொன்றுக்கு 300 வீதம் ஏழு நாளைக்கு 2,100 ரூபாய் கொடுத்தால், ஒரு வருடச் சேமிப்பு 28 குடும்பங்களைத் தாங்கும். துணைவிதிகளுக்கு உட்பட்டுப் பொதுப்பேரவையிற் தீர்மானித்து, இலாகாவின் அனுமதியும் பெற்று இதனை நடத்தலாம். காய்ச்சல் வந்த பின் தீர்மானம் போடக் கூட்டம் கூட்ட முடியாது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது கண்டதே.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசெல்டாமிவிர் என்னும் மாத்திரை உண்டு. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாட்களுக்குள் வைத்தியர் சொற்படி உட்கொண்டால் மிகுந்த குணம் தரும். கோழி மடிந்த வீட்டாருக்கு ஜுரமும் மூச்சுத்திணறலும் கண்டால், கோழி விஷயத்தை மறவாமல் வைத்தியரிடம் கூற வேண்டும். கேட்காமல் அவருக்குத் தெரியாது.

நிர்வாகிகளுக்கு மற்றொன்று. பாங்கிச் செக்கில் கையெழுத்திடுவோர் இருவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால், நிதியிருந்தும் பட்டுவாடா நடவாது. கையெழுத்திடத் தக்க மூன்றாமவர் ஒருவரை இப்போதே நியமித்துப் பாங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தனித்து வாழும் முதியோர் எந்தெந்த வீதியில் உள்ளனர், அவர்களுக்குக் கஞ்சியும் குடிநீரும் கொண்டுபோய் வாசலில் வைப்பவர் யார் என்ற ஜாபிதாவும் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.