மின்கம்பி எட்டாத மலைத்தோட்டமா? சோலார் பேட்டரியை மழைக்காலத்திலும் தீராமல் வைத்திருக்கும் வழிகள்

வால்பாறை, கூடலூர், தாண்டிக்குடி, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் காட்டை ஒட்டியிருக்கும் தோட்டங்கள் பலவற்றுக்கு மின்கம்பி போகவில்லை. காவலுக்குத் தங்கும் குடிசையில் ஒரு சோலார் பேனலும் பேட்டரியும்தான் விளக்குக்கும் போனுக்கும் வழி. வெயில் காலத்தில் சிக்கல் இல்லை. மழை பிடித்து நாலு நாள் மேகம் மூடிவிட்டால், பாம்பு கடித்த நேரத்தில் 108-ஐ அழைக்கக்கூட போனில் சார்ஜ் இருக்காது. வரவு, இருப்பு, செலவு மூன்றையும் கணக்குப் போட்டு வைத்தால் இந்த நிலையைத் தவிர்க்கலாம்.

வரவு எவ்வளவு?

100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். (1,000 வாட்-மணி என்பது ஒரு யூனிட்.) மேகம் மூடிய நாளில் இதில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். ஒரு கிளையின் நிழல் பேனலின் மூலையில் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறையும். பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். மழை நீரே தூசியைக் கழுவிவிடும். பாசியும் இலையும் ஒட்டியிருந்தால் காலையில் ஈரத்துணியால் துடையுங்கள்.

இருப்பு எவ்வளவு?

12 வோல்ட், 40 ஏ.எச். பேட்டரியில் 480 வாட்-மணி இருக்கும். லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதியை, அதாவது 240-ஐ மட்டுமே எடுக்க வேண்டும். அடிவரை தீர்த்துக்கொண்டே இருந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எல்லாவற்றையும் அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம்.

செலவு எவ்வளவு?

* 9 வாட் எல்.இ.டி. பல்பு 5 மணி நேரம்: 45 வாட்-மணி
* 5,000 எம்.ஏ.எச். போன் ஒரு முறை முழு சார்ஜ்: சுமார் 25
* 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம்: 600

ஒரு பல்பும் இரண்டு போனும் என்றால் ஒரு நாளைக்கு 95 வாட்-மணி. வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். அதே பேட்டரியில் மின்விசிறியைப் போட்டால் 3 மணி நேரத்தில் பாதி இருப்பு போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

1. போன், டார்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் காலை 10 முதல் மாலை 3 மணிக்குள் சார்ஜ் செய்யுங்கள். இரவில் பேட்டரி விளக்குக்கு மட்டும் இருக்கட்டும்.

2. 12 வோல்ட் டி.சி. பல்பு, காரில் போடும் யு.எஸ்.பி. சார்ஜர் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர் சும்மா ஓடினாலே மின்சாரம் குடிக்கும்.

3. டவர் கிடைக்காத இடத்தில் போன் டவரைத் தேடியே சார்ஜை இழக்கும். தேவையில்லாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு பட்டன் போனை முழு சார்ஜ் ஏற்றி, அணைத்து, அவசரத்துக்கென்று தனியாக வையுங்கள்.

4. நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள். துளை கீழே பார்க்கும்படி வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

5. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஊற்று நீரும் கிணற்று நீரும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும் என்பதால், அடுப்புக்கு அருகில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

6. பன்றிக்குப் பயந்து இன்வெர்ட்டரிலிருந்து வேலிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. யானை மட்டுமல்ல, இரவில் வேலியைத் தொடும் மனிதரும் இறக்க நேரிடும்; அது குற்றமும்கூட. சோலார் வேலிக்கென்று விட்டுவிட்டு அதிர்வு தரும் எனர்ஜைசர் தனியாக இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டு அதை அமையுங்கள்.

மழை தொடங்கும் முன்பே உங்கள் குடிசையின் ஒரு நாள் செலவைக் கூட்டிப் பாருங்கள். பேட்டரியில் எடுக்கக்கூடிய இருப்பில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், முதலில் செலவைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் இன்னொரு பேனலோ பேட்டரியோ வாங்குங்கள்.