ஓடும் வேலையை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியுமா?



புதிய கணினி வாங்கிய நேயர் ஒருவர் கேட்ட கேள்விதான் இம்மாதப் பேச்சுக்குக் காரணம். "படங்களையும் கடிதங்களையும் மாற்றலாம் எண்டு சொல்லுறீங்கள் அண்ணை. ஓடிக்கொண்டிருக்கிற வேலையை நிப்பாட்டாமல் அப்பிடியே தூக்கி மற்றதில வைக்க ஏலாதோ?" நான் வணிகம் படித்தவன், பொறியியலாளன் அல்ல. ஆனாலும் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த விடயம் அந்நியமல்ல.

ஒரு நிரல் ஓடும்போது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டு போகும் ஓட்டத்தைத் திரெட், தமிழில் இழை, என்பார்கள். எந்தக் கட்டளையில் நிற்கிறது, கையில் என்ன எண்கள் இருக்கின்றன, இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்பவை தெரிந்தால் அதை நிறுத்தி மீண்டும் தொடரலாம். கையில் உள்ள எண்கள் புரொசெசரின் ரெஜிஸ்டர் என்ற சிறு பெட்டிகளில் இருக்கும். மற்றவை ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே கணினிக்குள் இப்படி நிறுத்துவதும் தொடர்வதும் ஓயாமல் நடக்கிறது. (இந்த எண்ணத்தை நிரல் மொழிக்குள்ளேயே கொண்டுவந்த ஆரம்பகால மொழிகளில் ஒன்று சிமுலா. 1960களில் நம் ஒஸ்லோவில் நிகோர், டால் என்ற இருவர் உருவாக்கியது.)

சிக்கல் வேறு இனப் புரொசெசருக்குப் போகும்போதுதான். இன்டெல் வகை 64 பிட் புரொசெசரில் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 16. ஆர்ம் வகையில் 31. திரும்ப வேண்டிய முகவரியை இன்டெல் ஸ்டாக்கில் போடும், ஆர்ம் ஒரு ரெஜிஸ்டரில் வைக்கும். சில இயந்திரங்கள் ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் எழுதும், சில சிறிய பகுதியை. நோர்வேயில் 1951இல் எண் சொல்லும் முறையை மாற்றினார்கள் அல்லவா? இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். கேட்பவர் முறை தெரியாமல் எழுதினால் 25 என்பது 52 ஆகிவிடும். அதே கதைதான்.

கணக்கியலில் இதை எப்படித் தீர்த்தோம்? 2020 ஜனவரி முதல் மின்னணுக் கணக்கேடு வைத்திருக்கும் நிறுவனங்கள், வரி அலுவலகம் கேட்டால், சாஃப்ட் என்ற பொது வடிவத்தில் தரவுகளைக் கொடுக்க வேண்டும். (நோர்வேஜிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பழரசம் என்றும் பொருள். குடிக்கத்தான் முடியாது!) ஒவ்வொரு மென்பொருளும் உள்ளே எப்படி வைத்திருந்தாலும் வெளியே வரும்போது ஒரே மொழி. ஆனால் ஒரு நிபந்தனை. பற்று எழுதி வரவு எழுதாத நிலையில் புத்தகத்தை மாற்றக்கூடாது. பதிவு சமப்பட்ட இடத்தில்தான் மாற்றலாம்.

1980களில் அமெரிக்காவின் சியாட்டலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எமரால்ட் என்ற மொழி உருவானது. அதை உருவாக்கிய நால்வரில் ஒருவர் டென்மார்க்கின் எரிக் யூல். பின்னாளில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர். கொப்பன்ஹேகனில் அவரும் ஸ்டீன்ஸ்கோர் என்பவரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஓடும் இழையை வாக்ஸ், சன், எச்.பி. என வேறுபட்ட இயந்திரங்களுக்கிடையே நகர்த்திக் காட்டியது. அவர்கள் வைத்த பெயர் 'பஸ் தரிப்பிடம்'. நிரலில் ஆங்காங்கே, எல்லா இயந்திரத்திலும் ஒரே பொருள்படும் இடங்களைக் குறித்து இலக்கமிட்டார்கள். அந்த இலக்கத்தில் எந்த எண் எந்தப் பெட்டியில் இருக்கும் என்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி அட்டவணை. இழை இரு தரிப்பிடங்களுக்கு நடுவில் இருந்தால், அடுத்த தரிப்பிடம் வரை ஓடவிட வேண்டும். பிறகு தரிப்பிட இலக்கமும் எண்களும் பொது வடிவில் பயணிக்கும். பெறும் இயந்திரம் தன் அட்டவணையைப் பார்த்துத் தன் ஸ்டாக்கைத் தானே கட்டிக்கொள்ளும்.

பழைய இயந்திரத்தின் முகவரி பயணிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரில் பாதியில் விட்ட படிப்பை இங்கே தொடர்ந்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே எந்தக் கட்டடத்தில், எந்த வாங்கில் இருந்தோம் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எதுவரை முடித்தோம் என்றுதான் கேட்டார்கள்.

அண்மைக்காலத்தில் அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பொப்கோர்ன் லினக்ஸ் திட்டம், ஓடும் நிரலை இன்டெல் வகையிலிருந்து ஆர்ம் வகைக்கு நகர்த்தியது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் இயந்திரத்துக்கு வேலையை நகர்த்தலாம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. மின்கட்டணம் கட்டும் நமக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

2020இல் அப்பிள் நிறுவனம் தன் சொந்தப் புரொசெசருக்கு மாறியபோது கொடுத்த ரொசெட்டா 2 இதுவல்ல. அது பழைய நிரலை மொழிபெயர்த்துப் புதிய இயந்திரத்தில் ஓட வைத்தது. பாதியில் நின்ற வேலையைக் கொண்டுவரவில்லை. எமரால்ட் செய்தது பின்னையது. அதற்கு நிரலையே முதலிலிருந்து அந்த நோக்கத்தோடு தயாரித்திருக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்புகள், இணைய இணைப்புகள் எல்லாவற்றுக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு: ஆய்வுகூடத்தில் முடியும், உங்கள் வீட்டு மேசையில் இன்னும் இல்லை. வேலையைச் சேமித்து, மூடி, புதியதில் திறவுங்கள். கணக்குப் புத்தகமாக இருந்தால் பற்றும் வரவும் சமமா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.