மாப்புக் கம்பும் ராக்கெட்டும்

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், தரை துடைக்கும் மாப்பிலிருந்து கம்பை மட்டும் கழற்றி, உள்ளங்கையில் நட்டுக்குத்தாக நிறுத்தி வித்தை காட்டிக்கொண்டிருந்தான்.

"இருபது எண்ணியாச்சு, இன்னும் விழல! பாரு மாமா!"

"சரி, இப்போ கண்ணை மூடிக்கிட்டு நிறுத்து."

மூடினான். இரண்டு எண்ணுவதற்குள் கம்பு துணிக்கொடியில் போய்ச் சாய்ந்தது.

"கை அதே கை, கம்பும் அதே கம்பு. அப்புறம் ஏன்டா விழுந்துச்சு?"

"எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியலையே!"

அதேதான். கம்பு சாய்வதைக் கண் பார்க்கிறது. எவ்வளவு நகர வேண்டும் என்று மூளை முடிவு செய்கிறது. கை நகர்கிறது. கம்பு நிமிர்கிறது. உடனே கண் மறுபடி பார்க்கிறது. இது ஒரு வட்டம். கண்ணை மூடினால் வட்டம் அறுந்துவிடும். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்தும் இந்த வட்டத்துக்குப் 'பின்னூட்டம்' என்று பெயர்.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் நான்கு கட்டங்கள் போட்டேன்: கண், மூளை, கை, கம்பு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி. கடைசிக் கட்டத்திலிருந்து மறுபடி கண்ணுக்கு ஓர் அம்பு. தானாகக் கட்டுப்படும் இயந்திரங்களைப் பொறியாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரைவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கும்: உள்ளே இவ்வளவு போனால் வெளியே எவ்வளவு வரும்? ஒரு கட்டம் வந்ததை 2 மடங்காக்குகிறது, அடுத்தது 3 மடங்காக்குகிறது என்றால், இரண்டும் சேர்ந்து 6 மடங்கு. பெருக்கினால் போதும்!

ஆனால் இந்தச் சுலபக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மடங்கு கொடுத்தால் சரியாக இரண்டு மடங்கு வர வேண்டும். அப்படிப்பட்ட அமைப்பை 'நேரியல்' என்கிறோம்; வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். நம் கம்பு நேரியலா? 5 டிகிரி சாய்ந்த கம்பைவிட 10 டிகிரி சாய்ந்த கம்பைப் புவியீர்ப்பு 1.99 மடங்கு பலமாகச் சாய்க்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் 30 டிகிரி 60 ஆனால் 1.73 மடங்குதான். ஆக, கொஞ்சமாகச் சாயும்வரை கம்பு நேரியல் மாதிரியே நடந்துகொள்கிறது. அதிகம் சாயவிடாமல் பார்த்துக்கொள்வதுதானே நம் வேலை? அதனால் அந்தக் கணக்கே நமக்குப் போதும்.

"இப்போ பென்சிலை நிறுத்து பார்க்கலாம்."

பத்து முறை முயன்றான். பத்து முறையும் விழுந்தது. "சின்னதுன்னா சுலபமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

பதில் கணக்கில் இருக்கிறது. கண்ணால் பார்த்து, கை நகர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். நான்கு அடிக் கம்பின் சாய்வு இரண்டு மடங்காக ஆகும் நேரமும் ஏறக்குறைய 0.2 விநாடிதான். 1 டிகிரி சாய்ந்த கம்பு 2 டிகிரிக்குப் போவதற்குள் கை வந்துவிடும். புதுப் பென்சிலோ அதே 0.2 விநாடியில் 6 டிகிரிக்குப் போய்விடும். கை ஓடிவந்து சேரும்போது நிலைமை கைமீறியிருக்கும். வட்டம் அறுந்தால் மட்டுமல்ல, வட்டம் மெதுவாகச் சுற்றினாலும் கட்டுப்பாடு போய்விடும். எது நிற்கும், எது விழும் என்பதைச் செய்து பார்க்கும் முன்பே காகிதத்தில் கண்டுபிடிக்க முடிகிறது, பார்த்தீர்களா?

இதே கணக்கு ராக்கெட்டுக்கும் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை. அங்கே 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் விமானப் பொறியியல் படித்தவர் அப்துல் கலாம். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் உயரம் 22 மீட்டர். அதற்கும் இதே வட்டம்தான். திசை மாறுவதை உணரக் கருவிகள். கணக்கிட ஒரு மின்னணு மூளை. கைக்குப் பதில், பக்கவாட்டில் தள்ளித் திருத்தும் அமைப்பு.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல், அதற்குத் தேவையான நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்திருந்தது. கருவி உணர்ந்தது, மூளை கணக்கிட்டது. ஆனால் 'கை'யில் பலம் இல்லை! ராக்கெட் தடுமாறி வங்கக் கடலில் விழுந்தது. தவறு எந்தக் கட்டத்தில் என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

இதைக் கேட்டதும் அக்கா மகன் சாக்பீஸ் படத்தில் 'கை' என்ற கட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

உங்களுக்கு ஒரு புதிர்: மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும் மோட்டார் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கட்டங்கள் போட்டு, அம்புக்குறி வரையுங்கள். கண் எது? கை எது? அது நேரியலா? ஒரு குறிப்பு: தண்ணீர் பாதி குறைந்தால் மோட்டார் பாதி வேகத்தில் ஓடுமா?