சப்பாமல் வளைப்பது எப்படி?

சைக்கிளுக்குச் சொந்தமாகக் கேரியர் செய்ய உட்காருபவரை முதலில் சோதிப்பது வளைவுதான். இரும்புக் குழாயை முழங்காலில் வைத்து அழுத்தினால் வளையத்தான் செய்யும். ஆனால் வளைந்த இடம் சப்பிப்போகும். சப்பிய குழாய் பாரம் தாங்காது.

ஒரு சின்னக் கணக்கு. 16 மி.மீ. விட்டமுள்ள குழாயை, நடுக்கோட்டின் ஆரம் 48 மி.மீ. வருமாறு 90 டிகிரி திருப்புகிறோம். நேராக இருந்தபோது 75 மி.மீ. இருந்த துண்டில், வெளிப்பக்கம் 88 மி.மீ. ஆக நீள வேண்டும். உள்பக்கம் 63க்குக் குறுக வேண்டும். வெளிச்சுவர் இழுபட்டு மெலிகிறது, உள்சுவர் நெருக்குண்டு மடிகிறது. இரண்டுமே நடுவை நோக்கி நகர்ந்து தப்பிக்கப் பார்க்கின்றன. அதனால்தான் சப்புகிறது. ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் வேலை சுலபம்.

தொழிற்சாலையில் குழாய்க்குள் மாண்ட்ரல் என்ற தாங்கியைச் செருகி வளைப்பார்கள். வீட்டில் அந்த வேலையை மணல் பார்த்துக்கொள்ளும். சலித்து, வாணலியில் நன்றாக வறுத்த மணல். ஒரு முனையில் மரக்கட்டை அடைத்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கொட்டி, குழாயைப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வர வேண்டும். ‘டங்’ என்ற ஓசை ‘டொக்’ என்று மாறினால் மணல் இறுகிவிட்டது, மறுமுனையையும் அடைக்கலாம். வறுப்பதில் சோம்பல் கூடாது. ஈரம் மிஞ்சியிருந்தால், வளைப்பதற்காகக் குழாயைச் சூடாக்கும்போது தண்ணீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அடைப்பு துப்பாக்கிக் குண்டாகப் பாயும்.

வளைக்கும் அச்சைக் கெட்டி மரத்தில் செய்யலாம். குழாய் பாதி அமரும் அளவுக்குப் பள்ளம் வெட்டினால் பக்கச்சுவர் பிதுங்காது. நெடுக வெல்டிங் கோடு ஓடும் குழாயானால், கோட்டைப் பக்கவாட்டில் வையுங்கள். அங்கேதான் இழுப்பும் நெருக்குதலும் குறைவு. கையை எடுத்ததும் குழாய் சற்றே நிமிரும், ஆகவே வேண்டிய கோணத்தைத் தாண்டி வளைக்க வேண்டும். குரோமோலி என்ற கலப்பு எஃகு சாதா இரும்பைவிட அதிகமாக நிமிரும்.

இந்த வளைவு நாற்காலிக்கும் போனது. 1925 வாக்கில், ஜெர்மனியின் பௌஹாவுஸ் பள்ளியைச் சேர்ந்த மார்செல் பிராயர் எஃகுக் குழாய் நாற்காலி செய்தார். யோசனை தந்தது சைக்கிள் ஹேண்டில்பார்.

வளைத்த பிறகு பற்றவைப்பு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே பற்றவைக்காதீர்கள். துத்தநாகப் புகை சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் கொடுக்கும். கேரியரில் கை பழகிய பிறகு பிரேமுக்குப் போங்கள். முன்ஃபோர்க்கில் மடிப்பு விழுந்தால் தட்டிச் சரிசெய்யவே கூடாது, வேறு குழாய் எடுங்கள்.