உழைப்பிற்கு உரிய விலை

கடையில் விற்கும் பொருளுக்குக் கொள்முதல் விலை உண்டு. அதன்மேல் ஆதாயம் வைத்து வணிகர் விற்பனை விலையை எளிதில் கணக்கிடுவர். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், கணினி அச்சுக்கோப்பு, தையல் எனத் தம் திறனையே முதலாகக் கொண்டு தனித்துத் தொழில் புரிவோருக்கோ அத்தகைய அளவுகோல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே அவர்களுள் பலர் கூச்சத்தால் குறைத்துக் கேட்டு, உழைத்தும் வறுமையுறுகின்றனர். சொந்தத் தொழில் தொடங்க விழையும் மாணவர்கள் இக்கணக்கை அறிதல் இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மெய்ப்புத் திருத்தும் ஒருவரின் குடும்பச் செலவு மாதம் 20,000 ரூபாய் எனக் கொள்வோம். 60,000 ரூபாய்க் கணினி ஐந்தாண்டு உழைக்குமாயின் அதன் தேய்மானம் மாதம் 1,000 ரூபாய். மின்சாரம், இணையம், தொலைபேசிக்கு 1,000. நோய்க்கும் வேலையற்ற நாளுக்குமான சேமிப்பு 2,000. ஆகமொத்தம் 24,000 ரூபாய். நாளொன்றுக்கு 8 மணி வீதம் 25 நாளில் அவர் உழைப்பது 200 மணி. எனவே மணிக்கு 120 ரூபாய் போதுமெனத் தோன்றும். ஆயின் வாடிக்கையாளரைத் தேடுதல், விலை பேசுதல், கணக்கெழுதுதல், நிலுவைக்கு அலைதல் ஆகியவற்றில் 80 மணி கழியுமாயின், கூலி தருவது எஞ்சிய 120 மணியே. அதற்குக் கிடைப்பது 14,400. துண்டு விழுவது 9,600. ஆகவே மணிக்கு 200 ரூபாயே அவருக்குக் கட்டுபடியாகும் கூலி. மணிக்கு 4 பக்கம் திருத்துவாராயின், பக்கத்திற்கு 50 ரூபாய் எனக் கூறலாம். இது கீழெல்லை, திறனும் அனுபவமும் வளருந்தோறும் இதனை உயர்த்துதல் முறையே.

கூலியை வேலைக்கு முன்பே உறுதி செய்தலும், வியர்வை உலருமுன் அதனை அளித்தலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. எனவே வேலையின் அளவு, முடிக்கும் நாள், திருத்தங்களின் எண்ணிக்கை, முன்பணம் ஆகியவற்றை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டமும், பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்குரிய தொகையைச் செலுத்த ஒப்பந்தத்தில் 45 நாளுக்கு மேற்பட்ட தவணை கூடாதென வரையறுக்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு.

விலை உரைப்பவருக்கும் கடமை உண்டு. உழைக்காத நேரத்தை உழைத்ததாகக் காட்டுவதும் அளவையில் குறைப்பதேயாம். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே வழங்குவதை நாம் மறத்தலாகாது.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நம் பிள்ளைதானே' என்னும் உரிமையால் இளைஞரின் கூலியைக் குறைத்தல் அவர்தம் தொழிலை முளையிலேயே கருகச் செய்யும். உதவ விரும்புவோர் உரிய கூலியை உரிய நாளில் கொடுத்து, மேலும் நால்வரிடம் அவர்தம் திறனை எடுத்துரைப்பாராக. அதுவே அவ்விளைஞர் தலைநிமிர்ந்து வாழத் துணைசெய்யும்.