பயணத்தில் வரும் 'கேஸ்' வலி மாரடைப்பாக இருக்கலாம், உஷார்! கூட வருபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை,

தீபாவளி, பொங்கல், கோவில் கொடை, கல்யாணம் என்று எது வந்தாலும் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் தாம்பரம் ரெயில் நிலையமும் நிரம்பி வழியும். வயசான அப்பா-அம்மா, மாமனார்-மாமியார் என்று குடும்பத்தோடு ஊருக்கு கிளம்புவார்கள். பெட்டியை எண்ணுவோம். டிக்கெட்டை சரிபார்ப்போம். கூட வருபவரின் முகத்தை மட்டும் சரியாக பார்க்க மாட்டோம்.

வழியில் அவருக்கு மாரடைப்பு வந்தால்? "அது எப்படி தெரியாமல் போகும், நெஞ்சை பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவாரே" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் பலருக்கு அப்படி வருவதில்லை. வயிற்று எரிச்சலாக, தாடை வலியாக, வெறும் அசதியாக வந்து ஏமாற்றிவிடும். அதிலும் பயணத்தில் ஏமாறுவது ரொம்ப சுலபம்.

நெஞ்சு வலிக்காமலும் வரும்

இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்க்குள் கொழுப்பு படிந்திருக்கும். அந்த படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதால்தான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. ரத்தம் கிடைக்காத இதய தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே வரும். செத்த தசை திரும்ப வராது.

இதயத்தில் இருந்து வலியை கொண்டு போகும் நரம்புகளும், தோள், கை, தாடை, மேல் வயிற்றில் இருந்து வரும் நரம்புகளும் வழியில் ஒன்றாக கலக்கின்றன. அதனால் வலி எங்கே இருந்து வருகிறது என்பதில் மூளை குழம்பிவிடுகிறது. அடைப்பு இருப்பது இதயத்தில், வலிப்பதோ தாடையில்.

நெஞ்சுவலி இல்லாமல் வரக்கூடிய அறிகுறிகள் இவை:-

* மேல் வயிற்றில் எரிச்சல், அழுத்தம், குமட்டல், வாந்தி
* தாடை, கழுத்து, தொண்டையில் இறுக்கம்
* இடது கை மட்டுமல்ல, வலது கை அல்லது இரண்டு கையிலும் வலி, கனம்
* முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வலி
* காரணமே இல்லாமல் குளிர்ந்த வேர்வை
* உட்கார்ந்து இருக்கும்போதே மூச்சு வாங்குதல்
* தலைசுற்றல், மயக்கம், இதுவரை இல்லாத அசதி

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெண்கள், வயது முதிர்ந்தவர்கள் ஆகியோரிடம் இப்படி மாறுபட்ட அறிகுறிகள் அதிகம். பல வருடமாக சர்க்கரை இருந்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு வலியே சரியாக தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் நெஞ்சுவலி வரத்தான் செய்யும். ஆனால் அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலியும் சேர்ந்து வருவதால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது.

பயணம் கொடுக்கும் சாக்குகள்

வீட்டில் இருக்கும்போது அம்மாவுக்கு திடீரென்று வேர்த்தால் பதறுவோம். பயணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் ரெடியாக இருக்கும்.

வாந்தி வந்தால், "பஸ் ஒத்துக்கலை". வயிறு எரிந்தால், "மோட்டல் பரோட்டா". தோள் வலித்தால், "பெட்டி தூக்கினது". அசதி என்றால், "ராத்திரி தூக்கம் இல்லை". வேர்த்தால், "ஒரே புழுக்கம்". ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் சிக்கல்.

எப்படி பிரித்து பார்ப்பது? பஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது பழைய பழக்கமாக இருக்கும். இத்தனை வருடம் ஜம்மென்று பயணம் செய்தவர் திடீரென்று வாந்தி எடுத்து வேர்த்தால் சந்தேகப்பட வேண்டும். பெட்டி தூக்கிய வலி, கையை அசைத்தாலோ அமுக்கினாலோ பெரும்பாலும் கூடும். இதய வலி எப்படி உட்கார்ந்தாலும் அதிகம் மாறாது. ஏ.சி. பெட்டியில், ஜன்னல் காற்றில் உட்கார்ந்து இருப்பவருக்கு நெற்றி சில்லென்று வேர்த்தால் அதை சாதாரணமாக எடுக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. சோடா குடித்தோ, கேஸ் மாத்திரை போட்டோ வலி கொஞ்சம் குறைந்துவிட்டால் அது கேஸ்தான் என்று முடிவு கட்டக்கூடாது. மாரடைப்பு வலியும் விட்டு விட்டு வரும்.

"ஊருக்கு போய் பார்த்துக்கலாம்"

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருந்து காரில் மதுரைக்கு போகிறார்கள். திண்டிவனம் தாண்டியதும், சர்க்கரை உள்ள அந்த அம்மா, "என்னங்க, தாடை எல்லாம் ஒரு மாதிரி இழுக்குது, குமட்டுது" என்கிறார். கணவர், "காலையில வெறும் வயித்தோட கிளம்பின இல்ல, அதான் பித்தம். கொஞ்சம் பொறுத்துக்கோ, ஊருக்கு போனதும் நம்ம டாக்டர்கிட்டயே காட்டிடலாம்" என்கிறார்.

மதுரைக்கு இன்னும் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடைப்பை கரைக்கும் ஊசியோ, பலூன் சிகிச்சையோ, சீக்கிரம் செய்தால்தான் முழு பலன். முதல் ஒரு மணி நேரத்தை பொன்னான நேரம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். அந்த குடும்பம் போகிற அதே ரோட்டில் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இன்னும் போனால் பெரம்பலூர், திருச்சியில் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தெரிந்த டாக்டர் முக்கியம் அல்ல. பக்கத்தில் இ.சி.ஜி. எங்கே எடுப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டியை எடுங்க" என்று நோயாளியே சொல்வார். பிள்ளைகளுக்கு சிரமம் கொடுக்கக்கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. இந்த விஷயத்தில் அவர் பேச்சை கேட்காதீர்கள்.

எதில் போனால் என்ன செய்வது?

கார்:- நோயாளியே ஓட்டிக்கொண்டு இருந்தால் உடனே ஓரம் கட்ட சொல்லுங்கள். அவர் மேற்கொண்டு ஓட்டக்கூடாது. 108-க்கு போன் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு, டோல்கேட்களில் ஆம்புலன்ஸ் நிற்கும். ஆம்புலன்ஸ் வர தாமதம் ஆகும் என்றால், எந்த ஆஸ்பத்திரிக்கு போகலாம் என்று 108-லேயே கேட்டுவிட்டு கிளம்புங்கள்.

பஸ்:- கண்டக்டரிடம், "மாரடைப்பு மாதிரி இருக்கு" என்று வாய்விட்டு சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்று மென்று விழுங்கினால் யாருக்கும் அவசரம் புரியாது. மற்ற பயணிகள் முணுமுணுப்பார்களே என்ற கூச்சம் வேண்டாம்.

ரெயில்:- டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், 139-க்கு போன் செய்யுங்கள். கோச் எண், இருக்கை எண்ணை கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்து நிற்கும் பெரிய ஸ்டேஷனுக்கு தகவல் போகும். அவசரப்பட்டு சங்கிலியை இழுத்தால் ரெயில் நடுக்காட்டில் நிற்கும், அங்கே ஆம்புலன்ஸ் வர முடியாது.

கிராமப்புற வழியாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையமும் உதவும். தமிழக அரசு 2023-ம் ஆண்டு 'இதயம் காப்போம்' திட்டத்தை தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் இந்த திட்டம்.

செய்யலாம், செய்யக்கூடாது

நோயாளியை நடக்க விடாதீர்கள். மாடிப்படி, பிளாட்பார மேம்பாலம் ஏற்றவே கூடாது. சாய்ந்த மாதிரி உட்கார வைத்து, சட்டை பட்டனை தளர்த்துங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

நினைவோடு இருந்தால் 300 மில்லி கிராம் அளவுக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்க கொடுப்பது உண்டு. ஆனால் ஆஸ்பிரின் அலர்ஜி, குடல் புண்ணில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு கூடாது. முகம் கோணி, ஒரு பக்க கை-கால் விழுந்திருந்தால் அது பக்கவாதம், அப்போதும் கூடாது. 108-ல் பேசுபவரிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டு கொடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் தரும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கி வைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடலாம்.

"பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும்" என்று செல்போனில் சுற்றும் தகவலை நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் 108-க்கு பேசுவதுதான் உயிரை காப்பாற்றும்.

ஆள் மயங்கி சாய்ந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தரையில் மல்லாக்க படுக்க வைத்து நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. உதவி வரும் வரை நிறுத்தக்கூடாது.

கிளம்பும் முன்பு

பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகளை கைப்பையில் வையுங்கள். டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும் என்று பயணத்தன்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. டாக்டரை கேட்காமல் நிறுத்தக்கூடாது. மாத்திரை சீட்டு, பழைய இ.சி.ஜி. ஆகியவற்றை செல்போனில் போட்டோ எடுத்து வைத்தால், புது ஊர் டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஆஸ்பத்திரியில் முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் சிலருக்கு மாற்றம் தெரியாது. மறுபடியும் இ.சி.ஜி. எடுத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்த பிறகு டாக்டர் போகலாம் என்றால் போங்கள்.

கடைசியில், "வெறும் கேஸ்தான், பயப்பட ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் சொன்னால் நல்லது. சில மணி நேரம் தாமதமாக ஊர் போய் சேரலாம். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியது இல்லை.